திரையின் அடியில் இரண்டு வரி

கண் டாக்டரம்மா விளக்கை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்த நேரம் பார்த்து ரூட் சாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்காமல் இருந்து பார்த்தார். அது நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடித்தது. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லி எடுத்தார்.

"சார், நான்தான். உள்ள போயிட்டேன். வெளிய வர முடியல."

பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மைக்கக்கா.

"ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?"

"எழுத்தெல்லாம் தெரியுது. நான் அடிக்கிறதுதான் வர மாட்டேங்குது. ஒண்ணு அடிச்சா மூணு வரி காணாமப் போகுது."

"எதையும் தொடாதீங்க. இடது பக்கம் மேல் மூலையில எஸ்கேப்னு ஒரு பட்டன் இருக்கும். ரெண்டு தடவை அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். கீச்சுனு கத்துது."

"கத்தட்டும். இப்ப ரெண்டு புள்ளி, ஒண்ணு மேல ஒண்ணு. அப்புறம் கியூ. அப்புறம் ஆச்சரியக்குறி. என்டர்."

"ஆச்சரியக்குறியா? இந்தக் கருமத்துல எனக்கு இனிமே ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல சார்… ஆங், வந்துட்டேன், வந்துட்டேன்."

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா? இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. விழித்திரைக்கு நட்ட நடுவுல ஓட்டை. ஆபரேஷன் பண்ணி உள்ள வாயு அடைச்சு விடுவோம். அது மேல மிதந்து போய் ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்கு நீங்க ஒரு வாரம் குப்புறக் கிடக்கணும். சாப்பிடறப்பவும் தலை கவிழ்ந்தேதான். கம்ப்யூட்டர் கிடையாது, போன் கிடையாது. ரெண்டு தடவை தேதி குடுத்தேன், ரெண்டு தடவையும் வரலை. இந்த மாசத்தையும் விட்டீங்கன்னா, அப்புறம் ஓட்டை மூடினாலும் பார்வை திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. கண்ணு வேணுமா, பஸ் ஸ்டாண்டு வேணுமான்னு வீட்ல பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி முந்திக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டுதான் டாக்டர். அதுல என்ன சந்தேகம்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ரூட் என்பது அவர் பெயரில்லை. அந்த நிலையத்தின் அறிவிப்புப் பலகைகளை ஓட்டும் யூனிக்ஸ் கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். அதன் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் இவர். பேர் ஒட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் ரூட் சார் என்று ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? வாரத்துக்கு இரண்டு பேர் அவர் அறைக்குள் தலையை நீட்டி எந்த வண்டி எங்கே போகும் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் எரிந்து விழுந்தார். இப்போது பேசாமல் மேடை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பில்லை.

வேலை என்னவோ சின்ன வேலைதான். எந்த நேரத்துக்கு எந்த எண் வண்டி எந்த மேடையில் நிற்கும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும். வண்டி வழியில் படுத்துவிட்டாலோ, மேடை மாறினாலோ, ஒரு வரியைத் திருத்திச் சேமிக்க வேண்டும். பலகை தானாக மாறிக்கொள்ளும். கோப்பில் புரியாத வரி ஒன்று வந்துவிட்டால் பலகை மொத்தமாக இருண்டுவிடும். தப்பான நேரத்தைக் காட்டி ஜனங்களை அலைக்கழிப்பதைவிட இருட்டே மேல் என்று அப்படி எழுதி வைத்தவரும் ரூட் சார்தான்.

திருத்துவதற்கு அங்கே இருந்தது வி-ஐ என்ற எடிட்டர். பழகியவர்களுக்கு அது கை நீட்டினால் கைக்குள் வரும் பொருள். பழகாதவர்களுக்குச் சனியன். அதைத் திறந்ததும் விசைப்பலகையில் இருப்பதெல்லாம் எழுத்தாக இருக்காது, கட்டளையாகிவிடும். டி-யை இரண்டு தரம் தட்டினால் வரி போச்சு. எழுதுவதற்கு ஒரு விசை, எழுதுவதை நிறுத்த ஒரு விசை, வெளியே வருவதற்கு மூன்று விசை, இவற்றில் ஒன்றைக்கூடத் திரையில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஒரு தரம் வண்டி நேரங்கள் மொத்தமும் இருண்டுபோய், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிப் பார்த்தால், கோப்பின் நடுவில் ஆங்கில எழுத்தில் 'வெளியே விடு' என்று அடித்திருந்தது. யார் என்று கேட்டார். ஆளாளுக்கு வேறு வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

இருபத்திரண்டு வருஷம். மகள் கல்யாணத்தன்று கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு எஸ்கேப் அமுக்கச் சொல்லியிருக்கிறார். மாமனாரைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் ஓரமாக ஒதுங்கிச் சொல்லியிருக்கிறார். வெளியூருக்கு நான்கு நாள் போய் வருஷம் ஒன்பது ஆகிறது. முன்பெல்லாம் போன் அடித்தால் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது, பொய் சொல்வானேன். இப்போது அடித்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜரிடம் பத்து நாள் விடுப்புக் கேட்டார்.

"யார் பாத்துப்பா?" என்றார் மேனேஜர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

"மைக்கக்காவும் விசிலும்."

விசில் என்பது டைம்கீப்பர். கழுத்தில் விசிலோடு காலை நாலரைக்கு வந்து நிற்பவர். அந்த நிலையத்தில் அவருக்கு இருபத்தெட்டாவது வருஷம்.

"வெள்ளிக்கிழமை காலையில என் முன்னாடி அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரி மாத்தி, சேவ் பண்ணி, வெளிய வரட்டும். வந்துட்டா போயிட்டு வாங்க. வரலைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை ஆபரேஷன். நடுவில் நாலு நாள்.

வி-ஐ கட்டளைகளை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார். கடைசி வரியில், சேமித்து வெளியேற, இரண்டு புள்ளி டபிள்யூ கியூ என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்தார். இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தார். மைக்கக்கா ஒரு விசைக்கு இரண்டு விசையாக அமுக்கினார். விசில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, பதினோராம் தடவையும் கோப்பின் பாதியை அழித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சார், முப்பது வண்டியை ரிவர்ஸ்ல எடுக்க வைக்கிறவன் நான். இந்த ஒரு வண்டியை என்னால நிறுத்த முடியல. வயசாயிடுச்சு சார், மண்டையில ஏறல."

"ஏறும். இதைக் கத்துக்காம யூனிக்ஸ் தெரியும்னு யாரும் சொல்லிக்க முடியாது."

"யூனிக்ஸ் தெரியணும்னு எங்க அப்பா சத்தியமா நான் கேக்கல சார். பன்னெண்டரை வண்டி நாலாவது மேடைன்னு போடணும். அம்புட்டுதான்."

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்தவரிடம் மனைவி தேநீரை வைத்தாள். அவள் தபால் அலுவலகத்தில் கவுன்டரில் இருப்பவள். அவளும் எட்டு மணி நேரம் ஜனங்களிடம் வாய் வலிக்கப் பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள். அவர் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்க ஆபீஸ்ல மெஷின் வந்தப்ப, எதை அமுக்கினா என்ன ஆகும்னு ஸ்க்ரீன் அடியிலேயே எழுதியிருந்துச்சு. பாத்துப் பாத்து அடிச்சேன். ஒரு மாசத்துல பாக்காம அடிச்சேன். உங்களுது மாதிரி மனப்பாடம் பண்ணிட்டு வான்னு சொல்லியிருந்தா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்."

"அது வேற, இது வேற."

"எல்லாம் ஒண்ணுதான். அவங்க தத்தி இல்லீங்க. நீங்கதான் எடக்குப் பண்றீங்க."

சுருக்கென்று தைத்தது. எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். படுத்தாலும் மனசு விடவில்லை. வேறு எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஈமாக்ஸ்? அதில் எடிட்டர் மட்டுமா இருக்கிறது, நாட்காட்டி, கடிதப் பெட்டி, விளையாட்டு என்று ஒரு குடித்தனமே இருக்கிறது. ஒரு வரி மாற்றுவதற்கு மூன்று விசையை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், மைக்கக்காவின் விரலில் ஏற்கெனவே முடக்குவாதம். சுட்டியால் சொடுக்கும் அழகான எடிட்டர்கள்? அந்தக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது, சுட்டியே கிடையாது. புதிதாக எதையாவது நிறுவலாம் என்றால் தலைமை அலுவலக அனுமதி வருவதற்குள் இரண்டு கண்ணும் போய்விடும்.

மிச்சம் இருந்தது நானோ.

அவர் அதை எடிட்டர் என்றே மதித்ததில்லை. குழந்தைகளின் சைக்கிளில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிவிடும் சின்னச் சக்கரம் மாதிரி என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அடிப்பது அடித்தபடி விழும். அம்பு விசையை அமுக்கினால் அந்தப் பக்கம் போகும். கட்டளை வேறு எழுத்து வேறு என்ற தகராறே கிடையாது. திரையின் அடியில் இரண்டு வரி எப்போதும் இருக்கும்: சேமிக்க இது, தேட இது, வெளியேற இது. மிக முக்கியம், அது அந்தக் கணினியில் ஏற்கெனவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக அதைத் திருத்தி வைத்தார். நீளமான வரியைத் தானாக மடித்து இரண்டாக உடைக்கும் பழக்கம் அந்தப் பழைய நானோவுக்கு உண்டு. உடைந்தால் பலகை இருண்டுவிடும். அதை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் பழைய கோப்பின் நகல் ஒன்று தானாகத் தங்கும்படி செய்தார். 'மாத்து' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் கோப்பு நேராக நானோவில் திறக்கும்படி வைத்தார். பிறகு இருவரையும் கூப்பிட்டார்.

"அடியில பாருங்க. வெளிய போற வழி எழுதியிருக்கு."

மைக்கக்கா கண்ணாடியை மூக்குக்கு மேலே தள்ளிப் படித்தார். "கூரை போட்ட எக்ஸ். எக்ஸிட்." தேடிப் பிடித்து ஆறாம் எண்ணின் மேலே இருந்த கூரையை அடித்து, பிறகு எக்ஸ் அடித்தார். கோப்பில் கூரையும் எக்ஸும் அழகாக விழுந்தன.

"அந்தக் கூரைன்னா கன்ட்ரோல் பட்டன் அக்கா. அதைப் புடிச்சுக்கிட்டே எக்ஸ்."

"அப்ப கன்ட்ரோல்னே எழுதித் தொலைக்கிறதுதானே!"

நியாயமான கேள்வி. ரூட் சார் ஒரு சின்னத் தாளில் 'கூரை என்றால் கன்ட்ரோல்' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். அதற்குமேல் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அரை மணி நேரத்தில் மைக்கக்கா மூன்று வண்டிகளை மேடை மாற்றி மறுபடி பழைய மேடைக்கே கொண்டுவந்து விட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். விசிலும் செய்தார். செய்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது புதுசா போட்டீங்களா?"

"இல்ல. இதுலயே இருந்ததுதான்."

"எத்தனை வருஷமா?"

ரூட் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். "பதினஞ்சு வருஷம் இருக்கும்."

விசில் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். அப்புறம் மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "பதினஞ்சு வருஷமா இதை வச்சுக்கிட்டா எங்களை அந்தப் பாடு படுத்துனீங்க? ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு போன் பண்றப்ப என்னமோ திருடப் போற மாதிரி இருக்கும் சார் எனக்கு. நமக்கு மூளை அவ்வளவுதான்னு நெனச்சுக்குவேன்."

ரூட் சாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தோன்றவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். தோன்றியிருந்தது, பல தடவை. கஷ்டப்பட்டுக் கற்றதை மற்றவர்களும் கஷ்டப்பட்டே கற்கட்டும் என்று இருந்துவிட்டார். அவர்கள் கற்கவில்லை. அவருக்கும் தூக்கம் போனது.

"தப்புதான்" என்றார். விசில் எழுந்து வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் இருவரும் ஆளுக்கு ஒரு வரி மாற்றினார்கள். மொத்தம் நாலு நிமிஷம். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை ஒரு வேலை பாக்கி இருந்தது. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குப் பலகை தானாக எடுத்துக்கொள்ள வேண்டிய புதிய நேர அட்டவணை, தனிக் கோப்பாக. மற்றவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்று தானே உட்கார்ந்து இருநூற்றுச் சொச்சம் வரிகளை அடித்தார். 'மாத்து' என்று அடித்தால் இப்போது அவருக்கும் நானோதான் திறந்தது. ஆபரேஷனுக்கு முன் போடச் சொன்ன மருந்தால் கண் மங்கியது. மனைவி கீழே ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். கடைசி வரியை அடித்து முடித்தார். விரல்கள் அதுபாட்டுக்கு எதையோ தட்டின. திரை மூடவில்லை. அட, இது நானோ அல்லவா என்று நினைவு வந்து, கன்ட்ரோல் எக்ஸ் அமுக்கி, ஒய் அடித்து, என்டர் தட்டி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலின் ஓரத்தில் தலை வெளியே தொங்கும்படி படுத்து, நெற்றியை ஒரு முக்காலியின் மேல் மடித்த துண்டில் வைத்துக்கொண்டார். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணுக்குத் தெரிந்த உலகம் இரண்டடிக்கு இரண்டடி தரை. அதில் ஒரு விரிசல், மனைவியின் கால்கள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டு. கழுத்து இற்றுப்போனது.

போன் மனைவியின் கையில் இருந்தது. அணைத்து வைக்கிறேன் என்றாள். இருக்கட்டும் என்று இவர்தான் அடம்பிடித்தார். "அடிச்சா நான்தான் எடுப்பேன். ஆள் இல்லைன்னு சொல்லுவேன்" என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அடிக்கவில்லை. செவ்வாயும் அடிக்கவில்லை.

"போன் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"உன் போன்லருந்து ஒரு தடவை அடிச்சுப் பாரேன்."

அவள் அடித்தாள். தலைமாட்டில் கணகணவென்று ஒலித்தது. "போதுமா? நிம்மதியா?"

நிம்மதியாக இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சத்தம் ஒழியாதா என்று இருந்தவருக்கு, ஒழிந்ததும் என்னவோ போலிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தலையிலேயே அடித்துக்கொள்வாள்.

புதன்கிழமை சாயங்காலம் தரையில் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. ஒன்று நீல ரப்பர் செருப்பின் தடம் பதிந்த கால், மைக்கக்கா. இன்னொன்றில் பூட்ஸ் போட்டுப் போட்டுக் காய்த்த கட்டைவிரல், விசில். அவர் நிமிர்ந்து பார்க்க முடியாது என்று தெரிந்ததும் இருவரும் தரையிலேயே உட்கார்ந்து, குனிந்து முகத்தைக் காட்டினார்கள்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"மாடு தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கேன். அங்க எல்லாம் சரியா ஓடுதா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்கக்காதான் ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு போர்டு மொத்தமும் இருட்டு சார். ஜனம் என் ஜன்னலை மொய்ச்சுடுச்சு. ஒரு கையில மைக்கைப் புடிச்சுத் தெரிஞ்ச நேரத்தை எல்லாம் சொல்லிக்கிட்டே, இன்னொரு கையால கோப்பைத் தொறந்தேன். முதல் வரியிலருந்து படிச்சுக்கிட்டே வந்தோம். எல்லாம் சரியா இருந்துச்சு. கடைசி வரியில ரெண்டே ரெண்டு எழுத்து தனியா நின்னுச்சு. டபிள்யூ, கியூ."

ரூட் சாருக்குப் பகீரென்றது. கை அதுபாட்டுக்குத் தட்டியது எது என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. வி-ஐயில் சேமித்து வெளியேறும் கட்டளை. எஸ்கேப்போடு சேர்ந்து வந்த இரண்டு புள்ளியை நானோ விழுங்கிவிட்டது, மிச்சம் அதற்கு வெறும் எழுத்து.

"செவுத்துல நீங்க ஒட்டின தாள்ல சிவப்பு மையில இருக்கே" என்றார் விசில். "பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அதை அடிக்கிற கை நம்ம ஸ்டாண்டுல ஒண்ணே ஒண்ணுதான். அழிச்சோம், கூரை எக்ஸ் போட்டோம், போர்டு வந்துடுச்சு. பதினோரு நிமிஷம்."

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"நம்பரைப் போட்டுட்டேன் சார். அக்காதான் கையிலருந்து புடுங்கிட்டாங்க."

"அடிச்சா நீங்க தலையைத் தூக்கிடுவீங்க" என்றார் மைக்கக்கா. "அதான்."

ரூட் சார் தரையின் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேனேஜர் சும்மாவா விட்டார்?" என்று கேட்டார்.

"யாரு பண்ணதுன்னு குதிச்சாரு. நாங்கதான் புதுசா கத்துக்கிட்டவங்களாச்சே, கை தவறி அடிச்சுட்டோம்னு சொல்லிட்டோம். ஆளுக்கு ஒரு மெமோ குடுத்தாரு. விடுங்க சார், எனக்கு இது ஏழாவது."

"அக்காவுக்கு?"

"எனக்கு இதுதான் முதல்" என்றார் மைக்கக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பதினைந்து வருஷம் இவர்களைத் தலைகுனிய வைத்தோம், இவர்கள் நம் தலை நிமிரக் கூடாது என்று மெமோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்குத் தாங்கவில்லை. வலது கண்ணிலிருந்து சொட்டியது கன்னத்தில் வழியாமல் நேராகத் தரையில் விழுந்தது. மனைவி பதறிக்கொண்டு பஞ்சை எடுத்து வந்தாள். "அழக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

"அழலை. மேனேஜருக்குப் போன் போடு. காதுல வை."

"இப்பவா?"

"இப்பவே."

அவள் முனகிக்கொண்டே அழைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, போனை அவர் காதோடு பிடித்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"சார், நான்தான். கண்ணு நல்லா இருக்கு. அந்த ரெண்டு எழுத்து என்னோடது. அவங்க அடிக்கலை, அழிச்சாங்க. மெமோ ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டு என் பேருக்கு ஒண்ணு எழுதுங்க… ஆமா சார். ஆமா. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை கேக்கல… சரி சார்."

போனை எடுக்கச் சொல்லி ஜாடை காட்டினார். விசில் கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவர் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு விட்டார். இருவரும் எழுந்துகொண்டார்கள். இரண்டு ஜோடிக் கால்களும் அவருடைய தரையை விட்டுப் போயின.

"அதை ஆஃப் பண்ணிடு" என்றார்.

"எதை, போனையா? நெஜமாவா சொல்றீங்க?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் நெற்றியைத் துண்டில் அழுத்தி, அப்படியே தூங்கிப்போயிருந்தார். அவள் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து, அவர் காலடியில் உட்கார்ந்தாள்.